கோல்பி பெயரில் ஒரு நிதி

"உங்க அண்ணனுக்கு எது பிடிச்சிருக்கும், கண்ணு?"

நெப்ராஸ்காவில் எங்கள் ஊர் அறக்கட்டளையை நடத்தும் நோரீன்தான் அப்படிக் கேட்டார். நான் மேசையிலிருந்த மிட்டாய்க் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகு என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அண்ணன் கோல்பி இறந்தபோது, பூ வேண்டாம், அவன் பெயரில் நன்கொடை கொடுங்கள் என்று அம்மா செய்தித்தாளில் போடச் சொன்னாள். எதற்கு என்று சொல்ல விட்டுப்போயிற்று. ஊரார் கொடுத்தார்கள். ஏழு மாதமாகப் பணம் இங்கே சும்மா கிடந்தது.

"அசல்ல கை வைக்க மாட்டோம். வருஷா வருஷம் வட்டி மட்டும் போகும். எதுக்குன்னு இன்னிக்கு எழுதிட்டா எழுதினதுதான், அப்புறம் மாத்த முடியாது" என்றார் நோரீன். "வெர்லின், தொப்பியக் கழட்டுங்க. விதைக் கம்பெனிக்கு இங்க ஓசி விளம்பரம் கிடையாது."

விதைக் கம்பெனிப் பெயர் போட்ட தொப்பியை அப்பா கழற்றினார். போன வருடமாக இருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பார்.

மேசையில் இரண்டு படிவங்கள் இருந்தன. ஒன்று படிப்பு உதவி நிதி. கோல்பி மாதிரி மல்யுத்தம் செய்யும் ஒரு பிள்ளைக்கு ஒவ்வொரு மே மாதமும் பள்ளி மேடையில் அம்மாவே கொடுக்கலாம், அவன் பெயரைச் சொல்லலாம். அம்மாவுக்கு அதுதான் வேண்டும். மற்றது ஊர்த் தீயணைப்புப் படைக்கு மட்டும் போகும் நிதி. தானியக் குதிரில் புதைந்தவரைச் சுற்றி இறக்கும் மீட்புப் பலகைகள், அதற்கான பயிற்சி. கோல்பி புதைந்த அன்றைக்கு அந்தப் பலகைகள் பக்கத்து ஊரிலிருந்து வர நாற்பது நிமிடம் ஆயிற்று.

"அது இங்க இருந்திருந்தா..." என்றார் அப்பா.

"நீங்க மோட்டார நிறுத்தியிருந்தா பலகையே வேணாமே" என்றாள் அம்மா. "அவன் எப்படிச் செத்தான்னு வருஷா வருஷம் ஊருக்கு ஞாபகப்படுத்தணுமா?"

அப்பா தொப்பியின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் நோரீன் என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"தீயணைப்புப் படைக்கே குடுங்க" என்றேன்.

"உனக்கு என்னடி தெரியும்?" என்றாள் அம்மா.

"அன்னிக்கு ஸ்விட்ச்கிட்ட அப்பா இல்லம்மா. நான்தான் நின்னேன்."

"பிரென்னா, சும்மா இரு" என்றார் அப்பா. "போலீஸ்கிட்ட நான் சொன்னதுதான் சரி."

"அப்பா லாரிகிட்ட இருந்தாரும்மா."

ஈரச் சோளம் அந்த உயரமான தகரக் குதிருக்குள் கட்டி தட்டியிருந்தது. கோல்பி உள்ளே இறங்கிக் கம்பியால் குத்தினான். அடியில் மோட்டார் சோளத்தை இழுத்துக்கொண்டிருந்தது. அது ஓடும்போது யாரும் உள்ளே இறங்கக் கூடாது, ஆளையும் சேர்த்து இழுத்துவிடும். எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் இறங்குவார்கள். தகரச் சுவரில் மூன்று முறை தட்டினால் நான் நிறுத்த வேண்டும். எங்கள் வீட்டு வழக்கம் அது. ஆனால் கோல்பி சும்மாவும் தட்டுவான். நான் ஓடிப்போய் நிறுத்தியதும் உள்ளே இருந்து சிரிப்பான். அன்று காலையிலேயே இரண்டு தடவை ஏமாற்றியிருந்தான்.

"மூணாவது தடவையும் தட்டினான். நல்லா கேட்டுச்சு. இந்தத் தடவை ஏமாற மாட்டேன்னு நின்னேன்" என்றேன். "அப்புறம் தட்டவே இல்ல."

நோரீன் கண்ணாடியைக் கழற்றினார். அப்பா என் தோளில் கை வைத்தார். எடுக்கவில்லை.

அம்மா அப்பாவைத்தான் பார்த்தாள். ஏழு மாதமாக அவரிடம் சரியாகப் பேசாதவள். பிறகு தீயணைப்புப் படைக்கான படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

என்னைப் பார்ப்பாள் என்று காத்திருந்தேன்.

கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போனாள். ஜன்னல் வழியே பார்த்தேன். எங்கள் வண்டி வாசலிலேயே நின்றது, கதவு பூட்டியிருக்கவில்லை. அதைத் தாண்டி அவள் நடந்து போய்க்கொண்டிருந்தாள்.