பெண் பார்க்கப் போன பிளசர்

காரைக்குடியில் சொந்தமாக வாடகை பிளசர் ஓட்டுகிற கோட்டைச்சாமி, ஆயுத பூஜை முடிந்த மறுநாள், விஜயதசமி நல்ல நாளென்று கீழச்சிவல்பட்டிக்குப் பெண் பார்க்கப் போனான். பார்த்துவிட்டுக் கிளம்பும்போதா அந்தப் பாழாய்ப்போன கார் படுத்துக்கொள்ள வேண்டும்? சாவியைத் திருப்பினால் 'டொக்' என்றதோடு சரி. தெருவே கூடிவிட்டது.

பின்சீட்டில் அவன் அம்மா பொன்னுத்தாயிக்கு முகம் சுருங்கியது. "சகுனஞ் சரியில்லடா. இந்த எடம் வேணாம்."

அவனுக்கோ காபி கொடுக்க வந்த அன்னக்கிளியை அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. "தள்ளிவிட்டாக் கெளம்பிரும்மா."

"பொண்ணு வீட்டு வாசல்ல வண்டியத் தள்ளுறதா? நல்லாருக்குடா!"

பானெட்டைத் திறந்து வயர் வயராக இழுத்துப் பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை.

பெண்ணின் அப்பா சேவுகன் கூச்சத்தோடு வந்தார். "தம்பி, ஆரன் அடிக்குதான்னு கேக்குது."

"யாரு?"

"அன்னக்கிளிதான். எங்க பம்புசெட்டு மோட்டாரு ரிப்பேர்னா அதுதான் பாக்கும்."

பார்க்க வந்தவனிடம் பெண் நேரே பேசக் கூடாதே! அவள் நின்ற சன்னலுக்கும் காருக்குமாக நடையாய் நடந்தார் மனிதர். ஹாரன் அடித்தது. அடித்துக்கொண்டே ஸ்டார்ட் பண்ணச் சொன்னாள், ஹாரனும் நின்றுபோனது.

"பேட்டரில கரண்டு இருக்காம் தம்பி. வெளிய வரத்தான் வழியில்லையாம். நேத்து பூசைக்கு..." சேவுகனுக்கு மூச்சு வாங்கியது.

"பேட்டரி முனையில சந்தனம் பூசுனீகளா?" பொறுக்கமாட்டாமல் சன்னலே கேட்டுவிட்டது.

ஐயையோ, பூசினானே! கிளாம்பைக் கழற்றி, இரண்டு முனையிலும் சந்தனத்தை அப்பி, குங்குமமும் வைத்து, மறுபடி மாட்டியவன் அவனேதான். காலையில் ஈரத்தோடு எப்படியோ கிளம்பியிருக்கிறது. எஞ்சின் சூட்டில் சந்தனம் காய்ந்து இறுகிக் கரண்டை மறித்துவிட்டது.

வெந்நீரும் தேங்காய் நாரும் வந்தன. தேய்த்தான், துடைத்தான், மாட்டினான். சாவியைத் திருப்பினான். வண்டி உறுமியதும் தெருவே 'ஓ'வென்று கத்தியது. கோட்டைச்சாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பொன்னுத்தாயி கதவைத் திறந்து இறங்கினாள்.

"எங்கம்மா போறே? அதான் கெளம்பிருச்சுல்ல!"

"சாமிக்கு வச்ச சந்தனமுல்லடா வண்டிய நிறுத்தியிருக்கு! இந்தப் பொண்ண விட்டுட்டுப் போகாதேன்னு சொல்லுது. ஆப் பண்ணு, பூ வச்சுட்டே போவோம்."

கோட்டைச்சாமி சாவியில் கை வைத்தவன் தயங்கினான். நிறுத்திவிட்டு, மறுபடி கிளம்பாமல் போனால்?

"ஆப் பண்ணுங்க" என்றது சன்னல். "அதான் நான் இருக்கேன்ல."