மனேச்சர் கட்டிய பதாகை

மானிப்பாயில் அந்த மிளகாய்த்தூள் தொழிற்சாலைக்குச் சிவகரன் பதினான்கு வருடமாக மனேச்சர். செய்த வேலை இரண்டுதான்: யாருக்கு எந்த நேர வேலை என்று அட்டவணை போடுவது, லீவு கேட்டு வருகிறவரின் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்து வைப்பது. பங்குனியில் இரண்டையும் போனில் ஒரு செயலி எடுத்துக்கொண்டது. ஒரு நிமிடத்தில் முடித்தது. அவரைப் போல வெற்றிலை போட எழும்பிப் போகவுமில்லை.

முதலாளி கேதீஸ்வரி கூப்பிட்டார்.

"சிவகரன், இனி உம்மடை வேலை ஆக்களோடை கதைக்கிறது. மிசினுக்குத் தெரியாத விசயம் ஒண்டே ஒண்டு, வெள்ளிக்கிழமைக்குள்ளை கொண்டு வாரும். இல்லையெண்டால் உந்தக் கதிரை எனக்குத் தேவையில்லை."

மிளகாய்த்தூள் பக்கற் ஒட்டும் முப்பது பெண்களில் ஒருத்தியோடும் சிவகரன் சிரித்துக் கதைத்தவரில்லை. யாரிடம் போய் என்ன கேட்பது? மகா கெட்டிக்காரன் அல்லவா, செயலியையே திறந்து பார்த்தார்.

"பிரசாந்தி. லீவு மூன்று நாள். காரணம்: தாய் மரணம்."

சிவகரனுக்கு உயிர் வந்தது. பழைய கோப்பில் தாயின் பெயரைத் தேடி எடுத்தார்: சுவர்ணா. குத்துவிளக்குப் படம் போட்டு ஆறடியில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை அடிப்பித்து, பிரசாந்தி வீட்டுச் சந்தியில் தானே நின்று கட்டுவித்தார். எதிர்க் கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். துக்கம் தாங்காமல் நிற்கிறார் என்று இவர் நினைத்தார். பிறகு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய்ப் படலையைத் தட்டினார்.

விளக்குமாறும் கையுமாக ஒரு அம்மா திறந்தார்.

"சுவர்ணா அம்மாவின்ரை செத்தவீடு..." என்று சிவகரன் இழுத்தார்.

"நான்தான் சுவர்ணா. வாங்கோ தம்பி. என்ரை முப்பத்தொண்டாம் நாள் கிரியை எப்ப வைச்சிருக்கிறியள்? சொன்னால் நானும் சாப்பிட வருவன்."

பிரசாந்தி உள்ளிருந்து ஓடி வந்தாள். செத்தது கொடிகாமத்துப் பெரியம்மாவாம். செயலியின் பட்டியலில் பெரியம்மா இல்லை. பெரியம்மாவும் தாய்தானே என்று 'தாய்' என்பதை அமத்தியிருக்கிறாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பன் சேர்."

சேர் கேட்டால்தானே!

வேறொருவர் என்றால் பதாகையை அவிழ்த்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி போயிருப்பார். சிவகரன் நேரே கந்தோருக்குப் போய் அறிக்கை எழுதினார்: "மிசினுக்குத் தெரியாத விடயம்: பிரசாந்தியின் தாயார் உயிருடன் இருக்கிறார்."

கேதீஸ்வரி அதை இரண்டு முறை வாசித்தார். பதாகையின் படம் அவருடைய போனுக்கு ஏற்கெனவே நாலு பேரிடமிருந்து வந்திருந்தது.

"மிசின் அந்த மனுசியைப் போனுக்குள்ளைதான் சாகடிச்சது. நீர் சந்தியிலை கட்டித் தொங்கவிட்டிட்டீர். எழும்பும்."

திங்கட்கிழமையிலிருந்து ஆக்களோடு கதைக்கிற வேலை பிரசாந்திக்கு. தனக்குக் கதிரையே வேண்டாம் என்றுவிட்டாளாம்.