வினாடிக்குப் பதினாலு படம்

துர்காதேவியின் புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்கேன் அறைக்குள் வந்ததும் வராததுமாக என் மேசைமேல் ஒரு தாளை அறைந்தாள்.

"நீங்க எழுதுனதுதானம்மா? இத்தக் காட்டிக் காட்டித்தான் வீட்டுக்காரரு அடிக்கிறாரு. கால்ல ஒண்ணும் இல்லன்னு டாக்டரே எழுதிட்டாங்க, நடிக்கிறியான்னு தறி மிதிகட்டையாலயே போட்டாரு."

நெசவாளர்களின் கணுக்காலைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன். போன மாதம் பிள்ளையார்பாளையத்தில் அறுபது பேருக்கு ஸ்கேன் எடுத்தேன். இவளுக்கு 'குறை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட மகராசி சாட்சாத் நானேதான்.

பழைய பதிவைத் திறந்தேன். மூலையில் இருந்த எண்ணைப் பார்த்தேன். வினாடிக்குப் பதினாலு படம். முழுக் கணுக்காலும் ஒருசேரத் தெரியட்டும் என்று ஸ்கேன் பரப்பை அகலமாக வைத்துத் தொலைத்திருக்கிறேன். அகலம் கூடினால் படங்கள் குறையும், இதுகூடத் தெரியாதா எனக்கு? தறிக்குழியில் மிதிக்கிற கால் கண்மூடித் திறப்பதற்குள் உதறிவிடும். அந்த உதறல் இரண்டு படங்களுக்கு நடுவில் காணாமல் போயிருந்தது.

பரப்பைச் சுருக்கினேன். வினாடிக்கு நூறு படம்.

"தறியில மிதிக்கிற மாதிரியே வேகமா மிதிங்க."

மிதித்துவிட்டு அலறினாள். பதிவை மெதுவாக ஓட்டினேன். தசைநார் எலும்பு மேட்டைத் தாண்டி வெளியே துள்ளிவிட்டு மறுபடி உள்ளே விழுந்தது.

கதவு படாரென்று திறந்தது. அவள் கணவன் கைலாசம். வந்த வேகத்தில் அவள் கொண்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான்.

"தறி சும்மா கெடக்குது, இங்க வந்து படுத்துக்கினு இருக்கியாடி?"

எனக்குக் கண்மண் தெரியவில்லை. ஸ்டூலைத் தூக்கி அவன் தோளில் இறக்கினேன். விழுந்தவனின் சட்டையைப் பிடித்து இழுத்துத் திரைக்கு எதிரே நிறுத்தினேன்.

"பாருய்யா! கண்ணத் தொறந்து பாரு!"

மூன்று தடவை பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"அப்ப அன்னிக்கி ஏம்மா இல்லன்னு எழுதுன?" என்றான்.

"தப்பு என்னோடது" என்றேன்.

துர்காதேவி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முந்தானையால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"அவர அடிச்சிட்டீங்க, சரி. நான் வாங்குன அடில பாதி உங்களுதும்மா. உங்கள யாரு அடிக்கிறது?"

கீழே கிடந்த ஸ்டூலை நிமிர்த்தி வைத்துவிட்டு மீதி ஐம்பத்தொன்பது பேரின் பதிவுகளைத் திறந்தேன். எல்லாமே பதினாலு.