பிரசவத்துக்கு வர மறுத்த கார்

காய்கறி வாங்கப் போகும்போது அந்தக் கார் ஒருநாள்கூட மக்கர் பண்ணியதில்லை. வங்கிக்கு, தங்கை வீட்டுக்கு, பல் டாக்டரிடம் என்று எங்கே போனாலும் சாவியைத் திருப்பியதும் சமர்த்தாகக் கிளம்பும். ஆனால் பிரசவத்துக்குப் போக வேண்டுமென்று மருத்துவச்சி தன் பையைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்தால் போதும், பாதி வழியில் காலை வாரிவிடும்.

“உன் காருக்கு ரத்தம்னா பயம், என்னை மாதிரியே,” என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

மூன்று வாரத்துக்கு முன்புவரை அவளும் சேர்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அன்றைக்கு ஒரு பிரசவத்துக்குப் போகும் வழியில் வண்டி முப்பத்தைந்து நிமிடம் அசையாமல் கிடந்தது. அவள் போய்ச் சேர்ந்தபோது, பிறந்த குழந்தையைத் துண்டில் சுற்றி ஏந்தியபடி அப்பன்காரன் வாசலில் நடுங்கிக்கொண்டு நின்றான். உள்ளே தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. இரண்டு உயிரும் பிழைத்ததற்குக் காரணம் தன் கைராசி இல்லை, வெறும் அதிர்ஷ்டம் என்று அவளுக்குத் தெரியும். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வேறு கார் வாங்கித் தொலையேன் என்று சொன்ன தங்கையிடம் எரிந்து விழுந்தாள். காரை மாற்றலாம், சரி. கோளாறு காரில் இல்லை, தன்னிடம்தான் இருக்கிறது என்று ஒரு எண்ணம் உள்ளே புகுந்து உட்கார்ந்துவிட்டதே, அதை எங்கே கொண்டுபோய் மாற்றுவது? இருபத்தாறு வருஷ வேலை. நேற்று மத்தியானம் ராஜினாமாக் கடிதம் எழுதி, கையெழுத்தும் போட்டு, காரின் டாஷ்போர்டுக்குள் வைத்துவிட்டாள். இன்னொரு தடவை பிரசவத்துக்குப் போகும் வழியில் இது நின்றால், கடிதம் நேரே சுகாதார நிலையத்துக்குப் போகும். அவ்வளவுதான்.

இரண்டு மெக்கானிக்குகள் ஏற்கெனவே பேட்டரியை மாற்றி, ஸ்பார்க் பிளக்கை மாற்றி, கடைசியில் கையை விரித்திருந்தார்கள். மூன்றாவது ஆள் மூக்கர். முப்பது, முப்பத்திரண்டு வயசுதான் இருக்கும். எதையும் ஒருமுறை முகர்ந்து பார்க்காமல் ஸ்பேனரைத் தொடமாட்டார் என்பதால் அந்தப் பெயர். அவருக்கும் அதில் பெருமைதான், பட்டறைப் பலகையில் அப்படியே எழுதி வைத்திருந்தார். இன்று, எதற்கும் இருக்கட்டும் என்று பையையும் எடுத்துக்கொண்டு, காரை அங்கே கொண்டுவந்து நிறுத்தினாள்.

“எப்பக்கா ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது?”

“சொன்னா சிரிப்பீங்க தம்பி.”

“சிரிக்கலை, சொல்லுங்க.”

“பிரசவத்துக்குப் போற அன்னிக்கு மட்டும்.”

மூக்கர் சிரிக்கவில்லை. அதற்கே அவளுக்குப் பாதி பாரம் இறங்கியது.

“மத்த நாள்ல செய்யாத எதை அன்னிக்குச் செய்றீங்க?”

“ஒண்ணுமில்லையே. பையை எடுப்பேன், வண்டியில ஏறுவேன், நேரா போய் இறங்குவேன்.”

அந்த நேரம் பார்த்துத்தானா போன் அடிக்க வேண்டும்! பேக்கரிக்காரர். மனைவிக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வலி வருகிறதாம், இரண்டாவது பிள்ளை, சீக்கிரம் வாங்க என்றார். மூக்கர் அவள் முகத்தைப் பார்த்தார். கருவிப் பையை எடுத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

“போங்கக்கா. அது மக்கர் பண்றதை நான் கண்ணால பார்க்கணும்.”

பெட்ரோல் முள் பாதியில் நின்றது. பேக்கரிக்காரர் வீடு எட்டே கிலோமீட்டர். ஆனாலும் முனையில் இருந்த பெட்ரோல் பங்க்குக்குள் கார் தானாக நுழைந்தது போல நுழைந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், கொட்டுகிற மழையில், பெட்ரோல் தீர்ந்து நடுரோட்டில் நின்றவள் அவள். அன்றிலிருந்து டாங்க் தளும்பத் தளும்ப நிரப்பாமல் எந்தப் பிரசவத்துக்கும் போவதில்லை. பையை எடுப்பது போல, செருப்பு மாட்டுவது போல அதுவும் ஒரு பழக்கம். செய்கிற காரியமாகவே அது அவள் கணக்கில் சேராது.

“ஆட்டுற அக்கா வந்துட்டாங்க,” என்று சிரித்தாள் பெட்ரோல் போடும் பெண்.

டாங்க் நிரம்பியதும் குழாய் ‘டக்’கென்று தானாக நின்றது. “இன்னும் கொஞ்சம் போடும்மா,” என்றாள் மருத்துவச்சி. மறுபடி டக். பிறகு இறங்கிப்போய், இடுப்பால் காரை நாலு இடி இடித்து ஆட்டினாள். உள்ளே இருந்த காற்று குமிழியிட்டு மேலே வர, இன்னும் ஒரு அரை லிட்டர் இறங்கியது. அந்த அரை லிட்டர்தான் அவளுக்குத் தைரியம்.

ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். எஞ்சின் சுற்றியது, சுற்றியது, பிடிக்கவே இல்லை.

போச்சு, என்று நினைத்தாள். டாஷ்போர்டைப் பார்த்தாள்.

மூக்கர் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்தார்.

“ஒவ்வொரு பிரசவத்துக்கும் முன்னாடி பெட்ரோல் போடுவீங்களாக்கா?”

“போடாம எப்படிப் போறது?”

“காய்கறிக்குப் போறப்ப?”

“அதுக்கு எதுக்கு, மாசத்துல நாலஞ்சு பிரசவத்துக்குப் போடுறதே...” பாதியிலேயே வாய் நின்றது. தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்துவிட்டது.

“ஆக்ஸிலேட்டரைத் தரையோட தரையா மிதிங்க. மிதிச்சபடியே சாவியைத் திருப்புங்க, காலை எடுக்காதீங்க.”

“ஐயோ, இன்னும் பெட்ரோல் போகுமே?”

“போகாது. முழுசா மிதிச்சா இந்த வண்டி பெட்ரோலை நிறுத்திட்டு வெறும் காத்தை மட்டும் உள்ள விடும். பெட்ரோல் ஆவி நிறைஞ்சு மூச்சு முட்டிக் கிடக்கு அது. இப்ப அதுக்கு வேண்டியது காத்துதான்.”

மிதித்தாள். எஞ்சின் திணறியது, ஒருமுறை இருமியது, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு பிடித்தது. எட்டு கிலோமீட்டரும் நிற்காமல் ஓட்டினாள். தாண்டிப் போன மரங்கள்கூட அவள் கண்ணில் புதுசாகப் பட்டன.

சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். ஒரு மணி நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. ஆனால் அழவில்லை. நீலம் பாரித்து, துவண்டு, அவள் இரண்டு கைக்குள் சும்மா கிடந்தது. துடைத்தாள், முதுகைத் தேய்த்தாள், தலையை நேராக்கினாள். ஒன்றும் இல்லை. பேக்கரிக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். சின்ன முகமூடியைக் குழந்தையின் மூக்கிலும் வாயிலும் பொருத்தி, காற்றுப் பையை மெதுவாக அமுக்கினாள். ஒன்று. இரண்டு. காத்துதான், இப்ப வேண்டியது காத்துதான் என்று உதடு தானாக முணுமுணுத்தது. மூன்று. நான்கு. ஐந்தாவதுக்குப் பிஞ்சு மார்பு தானாக ஏறி இறங்கியது. அப்புறம் போட்டது பாருங்கள் ஒரு சத்தம், பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்தார்கள்.

எத்தனையோ நூறு குழந்தைகளைப் பார்த்த கைதான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அவளுக்கு உடம்பு புல்லரிக்கும். இதுவரை இந்த உலகத்தின் காற்று படாத ஒன்று, அதை உள்ளே இழுத்து, இனி விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்கிறதே! குழந்தை நிறம் மாறி அடங்கியதும் உறை மாட்டிய சுண்டுவிரலை அதன் வாயில் வைத்துப் பார்த்தாள். வெடுக்கென்று இழுத்துச் சப்பியது. நல்ல இழுப்பு.

எல்லாம் முடித்து, தாயும் பிள்ளையும் தூங்கியபின் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் கார் பானெட்டைத் திறந்து போட்டபடி மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. மூக்கர் கையெல்லாம் கிரீஸ்.

“அக்கா, விரலைக் கொஞ்சம் இதுல வைங்க.”

கட்டைவிரல் பருமனில் ஒரு வால்வு. குழாயைக் கழற்றிவிட்டு அதன் திறந்த வாயைக் காட்டினார். மருத்துவச்சி சுண்டுவிரலை வைத்தாள். வெடுக்கென்று இழுத்தது.

அவள் விரலை எடுக்கவில்லை. கண்ணில் நீர் முட்டியது, மூக்கர் பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

“இழுக்குது தம்பி.”

“வண்டி நின்ன இடத்துல ஓடுறப்ப இது இழுக்கவே கூடாதுக்கா. டாங்க்ல வர்ற ஆவியை ஒரு கரி டப்பா பிடிச்சு வச்சுக்கும். வண்டி சூடாகி ரோட்ல ஓடுறப்ப இந்த வால்வு திறந்து அதைக் கொஞ்சங்கொஞ்சமா எஞ்சினுக்கு ஊட்டும். மத்த நேரமெல்லாம் வாயை மூடிட்டு இருக்கணும். இது மூடலை. பெட்ரோல் போட்டதும் வர்ற ஆவி மொத்தமும் நேரா எஞ்சினுக்குள்ள போயிடுது.”

“ஏன் மூடலை?”

“ஒரு காகிதம் குடுங்க, காட்டுறேன்.”

எஞ்சினை நிறுத்திவிட்டு வால்வைக் கழற்றினார். அவள் டாஷ்போர்டைத் திறந்து, கைக்கு வந்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். மூக்கர் அதை விரித்து வைத்து, வால்வைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினார். கடுகைவிடச் சின்னதாக நாலைந்து கருப்புத் துணுக்குகள் உதிர்ந்தன.

“கரி. டப்பாவுக்கு ஆவி மட்டும்தான் போகணும். நீங்க ஆட்டி ஆட்டி ஊத்துனதுல பெட்ரோலே போயிருக்கு. கரி ஊறி உடைஞ்சு, ஒரு துணுக்கு வந்து வால்வு வாயில உட்கார்ந்துடுச்சு. இனிமே டக்னு நின்னதும் விட்டுடணும். புது வால்வு மாட்டணும், இன்னிக்கு இந்தக் குழாயை அடைச்சு அனுப்பறேன்.”

அவள் துணுக்குகளை உற்றுப் பார்த்தாள். இத்தனூண்டு. மூன்று வாரமாக அவளைத் தூங்கவிடாமல், இருபத்தாறு வருஷத்தைத் தூக்கி எறியச் சொன்னது இத்தனூண்டு கரி. அவள் ராசியுமில்லை, விதியுமில்லை. சிரிப்பு வந்தது, நிறுத்த முடியவில்லை.

மூக்கர் அப்போதுதான் காகிதத்தில் இருந்த எழுத்தைக் கவனித்தார். “அக்கா, இது ஏதோ முக்கியமான லெட்டர் மாதிரி இருக்கே?”

“கரி சிந்தாம நல்லா மடிச்சுக் குடுங்க. வீட்டுக்காரர்கிட்ட காட்டணும்,” என்றாள். “புது வால்வு எப்ப வரும்? வியாழக்கிழமை வாக்குல எனக்கு இன்னொரு பிரசவம் இருக்கு.”