வழுக்கையாற்றில் வந்த கடும்பு

1990ஆம் ஆண்டு ஆவணியில், ஒரு துளி மழை இல்லாமல் வழுக்கையாறு ஓடத் தொடங்கியது. மாரியில் மட்டும் ஓடுகிற ஆறு அது. அராலியில் கடலைத் தொட்ட பிறகும் கலக்காமல், ஒரு வண்டிப்பாதை அகலத்தில், உப்புக்கு நடுவே நல்ல தண்ணீராகத் தீவிலுள்ள புளியங்கூடல் வரை போனது. கடல் வற்றும்போது போகும். பெருகும்போது திரும்பி வரும். அராலிப் பள்ளிக்கூடமொன்றில் ஒதுங்கியிருந்த தீவுச் சனம் முதல்நாள் வேடிக்கை பார்த்தது. இரண்டாம்நாள் குடத்தோடு போனது.

கூலிவேலை செய்கிற தம்பு மட்டும் வெறுங்கையோடு போவான். தீவில் ஆமிப் படை இறங்கியபோது புளியங்கூடல் ஊரே வள்ளம் ஏறியது. அவன் மனைவி அன்னப்பிள்ளை ஏறவில்லை, பசு நிறைசினை. "நீங்கள் போங்கோ. கண்டு போட்ட உடனை நானும் வாறன்" என்றாள். அதற்குப் பிறகு வள்ளம் ஓடவில்லை.

இருபதாம் நாள் காலை ஆறு மஞ்சள் வெள்ளையாகத் திரும்பி வந்தது. தம்பு விரலை விட்டு நக்கினான். கடும்பு, ஈன்ற பசுவின் முதற்பால். அதை யாரும் விற்பதில்லை. அயலுக்குக் கொடுப்பதுதான் வழக்கம். ஆளில்லாத ஊரில் அவள் யாருக்குக் கொடுப்பாள்? ஆற்றில் ஊற்றியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பாயில் படுக்கிற மேரிஜோசப்பின் என்கிற பெண் தன் சட்டியை நிரப்பிக்கொண்டே சிரித்தாள்.

"தம்பு அண்ணை, பால்காரர் பாலிலை தண்ணி விடுவினம். உங்கடை மனுசி தண்ணியையெல்லாம் பாலாக்கிப் போட்டா!"

"ஓம் பிள்ளை. ஆனால் அவள் வாறனெண்டவள்."

கடும்பு நாலு நாள், பிறகு பால். பள்ளிக்கூடத்துக் குழந்தைகளுக்குச் சதை பிடித்தது. தம்பு மட்டும் அதைக் குடிக்கவில்லை. பால் வரும்வரை அவள் உயிரோடு இருக்கிறாள். பால் வரும்வரை அவள் புறப்படவுமில்லை. பால் நின்றால் புறப்பட்டிருப்பாள். மற்றதை அவன் நினைக்கவில்லை.

ஐப்பசிக் கடைசியில் ஆறு தெளிந்து வந்தது. தம்பு கரையில் மூன்று நாள் நின்றான். மூன்றாம் நாள் பின்னேரம் அந்த நல்ல தண்ணீர்ப் பாதையில், முழங்கால் வரை நனைய, ஒரு கன்று தனியே நடந்து வந்தது. கயிறு காலில் இடறாதபடி கழுத்தைச் சுற்றி முடிந்திருந்தது. அன்னப்பிள்ளை முடிகிற முடிச்சு.

"பின்னாலை வாறாவோ பாருங்கோ அண்ணை" என்றாள் மேரிஜோசப்பின்.

தம்பு பார்த்தான். பாதையைக் கடல் மூடிக்கொண்டிருந்தது.

அடுத்த கிழமை ஊர் அலுவலரான விதானையார் நிவாரணத்துக்குப் பெயர் எழுத வந்தார்.

"உம்மடை குடும்பத்திலை எத்தினை பேர்?"

"மூண்டு. ஒராள் ஆத்தாலை வந்தது. மனுசி வாறனெண்டவ."

விதானையார் தம்புவின் பெயரை எழுதினார். ஒரு வரி வெறுமையாக விட்டு, அதற்குக் கீழே கன்றை எழுதினார். 1995இல் போருக்கு அஞ்சி அராலியே எழும்பிப் போன நாள்வரை அந்த வரியில் வேறு யாரையும் எழுதவில்லை.