அம்சவேணியின் தாய்மாமன்

பெரிய காஞ்சிபுரத்தில் நான்கு தறி வைத்திருந்த கைலாசம்தான் நெசவாளர் பக்த சபைக்குத் தலைவர். 1966இல் யேசுதாஸ் என்பவர் தெருமுனையில் ஜெபக்கூடம் கட்டத் தொடங்கியதும், காமாட்சி குடியிருக்கும் ஊரில் சிலுவைக்கு இடமில்லை என்று முதலில் கிளம்பியவர் அவரே. அவர் மகள் அம்சவேணிக்கு அப்போது பதினான்கு வயது. அப்பாவின் பேச்சில் அவளுக்கு அவ்வளவு பெருமை. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் கிறிஸ்தவப் பெண்ணோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

ஆடி மாதத்தில் ஒருநாள் சபைக்காரர்கள் கூடத்தின் மேல் கல்லெறிந்தார்கள். யேசுதாஸின் நெற்றி பிளந்தது. ரத்தம் வழிய அவர் ஓடிவந்து நுழைந்த இடம் கைலாசத்தின் வீட்டுப் புழக்கடை. கைலாசம் தெருவில் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி வடிவாம்பாள் பதறிப்போய், தன் புடவைத் தலைப்பைக் கிழித்து அந்தத் தலையைக் கட்டினாள்.

“இந்தத் தெருவே வோணாம்னு சொன்னனே, கேட்டியாண்ணே?”

“ஒன்னப் பாத்துக்கினு இருக்கலாம்னுதான் வந்தேன் மேரி” என்றார் யேசுதாஸ்.

கிணற்றடியில் குடத்தோடு நின்ற அம்சவேணிக்கு எல்லாம் கேட்டது. அன்று சாயந்திரம் அம்மா மறைக்காமல் சொல்லிவிட்டாள். அவள் தென்னேரியில் மேரியாகப் பிறந்தவள். அவளைக் கட்டிக்கொள்வதற்காகக் கைலாசமே ஞானஸ்நானம் வாங்கி, தாவீது என்ற பெயரில் தேவாலயத்தில் மோதிரம் மாற்றினார். பிறகு காஞ்சிபுரம் வந்து, இவள் ஆரணியைச் சேர்ந்த, தாய் தகப்பன் இல்லாத பெண் என்று சொல்லிவிட்டார். காஞ்சிபுரத்தில் அது தெரிந்த ஒரே ஆள் யேசுதாஸ். கைலாசத்துக்குச் சிலுவை மேல் கோபமே இல்லை. மைத்துனர் வாயைத் திறந்துவிடுவாரோ என்ற பயம்தான்.

யேசுதாஸ் திறக்கவில்லை. ஏணியிலிருந்து விழுந்தேன் என்று போலீசிடம் சொல்லிவிட்டு, கூடத்தைச் செவிலிமேட்டுக்கு மாற்றிக்கொண்டார். சபையின் வெற்றிக் கூட்டத்தில் அம்சவேணி தேவாரம் பாடினாள். குரல் கொஞ்சமும் நடுங்காமல் வந்தது அவளுக்கே திகிலாக இருந்தது.

ஐந்து வருடம் கழித்து அவளுக்குக் கல்யாணம். பெண்ணைத் தாய்மாமன் கைபிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டும். அந்த முறைக்குச் சபையின் செயலாளர் துரைக்கண்ணுவை ஏற்பாடு செய்திருந்தார் கைலாசம். அம்சவேணி அறையை விட்டு வரவில்லை.

“செவிலிமேட்டுல எங்க மாமா இருக்குறாரு. அவரு வந்து கையப் புடிச்சாதான் வருவேன்.”

“என் மானம் போயிடும்மா.”

“அப்ப நான் இங்கியே இருக்கேன்பா.”

முகூர்த்தம் நெருங்கவே, கைலாசம் கார் அனுப்பினார். நெற்றித் தழும்போடு யேசுதாஸ் வந்து நின்றதும் கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்து எழுந்து நின்றார்கள். வேறு வழியில்லாமல் கைலாசம் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொன்னார்.

“இவரு எம் பொண்டாட்டி கூடப் பொறந்த அண்ணன். என் மச்சான்.”

துரைக்கண்ணுதான் முதலில் கைதட்டினார். எதிரியைக்கூட மச்சான் என்று அழைக்கும் மனசு தலைவருக்கு மட்டுமே வரும் என்று கண்கலங்கினார். பந்தலே கைதட்டியது. கைலாசம் இன்னொரு முறை சொல்ல வாயெடுத்தார். பிறகு சம்பந்தியின் முகம் மலர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அம்சவேணி மாமனின் கையை இறுகப் பிடித்து நடந்தாள். வடிவாம்பாளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பெண்ணைப் பிரியும் துக்கம் என்று பக்கத்தில் இருந்தவர்கள் தேற்றினார்கள்.

அடுத்த மாதம் சபை கைலாசத்துக்கு ‘சமய நல்லிணக்கச் செம்மல்’ என்ற பட்டம் கொடுத்தது. வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.