மூன்று எண்ணத் தெரியாதவள்

அக்ரோபாட்டிக் ஜிம்னாஸ்டிக்ஸ் உலகச் சாம்பியன்ஷிப்பின் வரலாற்றில் எங்கள் நாட்டுக்கு விழுந்த பங்கு பதினோரு வரி. ஒலிம்பிக்ஸில்கூட இல்லாத விளையாட்டு. ஆரம்பத்தில் இரண்டு மூன்று நாடுகள் பதக்கங்களை வாரிக்கொண்டு போயின, மற்றவர்கள் கை தட்டிவிட்டு வீடு திரும்பினார்கள். இதைப் புத்தகமாக எழுதும் வேலையைச் சங்கம் என் தலையில் கட்டியபோது நான் மறுக்கவில்லை. வேறு யாராவது எழுதினால் நாலு பேரை விசாரிப்பார்கள்.

எங்கள் உச்சம், பெண்கள் ஜோடிப் பிரிவில் ஒரே ஒருமுறை நான்காம் இடம். கீழே நின்று தாங்கியவள் நான், அப்போது எனக்குப் பதினெட்டு. என் கைகளின்மேல் தலைகீழாக நின்றவள் என் தங்கை, பதிமூன்று. பயிற்சியாளர் அவளைக் கடுகு என்பார். என்னை முக்காலி என்பார். கைதட்டலெல்லாம் கடுகுக்குத்தான், முக்காலிக்கு யார் தட்டுவார்கள்?

தலைகீழ் நிலையில் மூன்று விநாடி அசையாமல் நிற்க வேண்டும். குறைந்தால் மதிப்பெண் போகும். மேலே இருப்பவள் எண்ணக்கூடாது, எண்ணினால் மூச்சு மாறி உடம்பு ஆடும். எண்ணுவது கீழே இருப்பவளின் வேலை. என் விரல்கள் அவள் மணிக்கட்டைச் சுற்றியிருக்கும். மூன்று முடிந்ததும் ஆள்காட்டி விரலால் ஓர் அழுத்து அழுத்துவேன், அவள் இறங்குவாள். ஐந்து வருடம் அவள் என் விரலை நம்பித்தான் இறங்கினாள்.

இறுதிப் போட்டி அன்று காலை பயிற்சியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “பதக்கம் வந்தா கடுகை வெளிநாட்டு முகாமுக்கு அனுப்பறேன். அங்க வேற ஆள் கீழ நிப்பா. உனக்கு முழங்கால் போச்சு, நீ ஏதாவது வேலை தேடிக்க” என்றார். நான் தலையாட்டினேன்.

மேடையில் ஒன்று எண்ணினேன். இரண்டு முடிவதற்குள் அழுத்தினேன். விரல் தவறிப் போய் அழுத்தவில்லை. நன்றாகத் தெரிந்தே அழுத்தினேன்.

மூன்றாம் இடம் மயிரிழையில் போயிற்று. நடைவழியில் பயிற்சியாளர் கடுகின் கன்னத்தில் அறைந்தார். அவள் என்னைப் பார்த்து, “நீ அழுத்தினியேக்கா” என்றாள். “நான் அழுத்தவே இல்ல” என்றேன். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டாள். அப்படிப்பட்ட பைத்தியம்.

ஊர் திரும்பியதும் அப்பா அவள் படங்களைக் கிழித்துப் போட்டார், பயிற்சியை நிறுத்தினார். ‘மூன்று எண்ணத் தெரியாதவள்’ என்ற பெயரும் அவர் வைத்ததுதான். மூன்று தட்டு வைக்கச் சொன்னால், “சரியா எண்ணினியாடி?” என்பார். கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் காதிலும் போட்டுவைத்தார்கள், அவர் அன்றிலிருந்து இன்றுவரை விடவில்லை. இப்போது அவள் மருந்துக் கடையில் மாத்திரை எண்ணிக் கொடுக்கிறாள். அதற்கும் எங்கள் வீட்டில் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

போன வாரம் கடை விடுமுறையன்று பயிற்சிக்கூடத்தின் பின்னால் இருக்கும் என் அலுவலக அறைக்கு வந்தாள். அடுக்கி வைத்த பழைய மெத்தைகளுக்கு நடுவே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கணினித் திரையில் பதினோரு வரியையும் படித்தாள்.

“என் பேரு எங்கக்கா?”

“ஜோடின்னு போட்டிருக்கேன்ல. அதுல நீயும்தான் இருக்கே.”

“உன் பேரு புத்தக அட்டையிலயே இருக்கு. என் பேரு ஒரு இடத்துலயும் இல்ல.”

“உனக்காகத்தான் விட்டேன். பேரைப் போட்டா அந்தக் கதையும் கூடவே வரும்.”

“வரட்டும்” என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். “என் பொண்ணு நம்ப மாட்டேங்கறா. மருந்துக் கடையில நிக்கற நீ உலகப் போட்டிக்குப் போனியாக்கும்னு கேக்கறா. பள்ளிக்கூடத்துல சொல்லியிருக்கா, வகுப்பே சிரிச்சிருக்கு. அதுலேருந்து என்னோட பேசறதே இல்ல. காட்டறதுக்கு ஒரு போட்டோகூட எங்கிட்ட இல்ல.”

“அதுக்கு?”

“என் தப்பை எழுதுக்கா. தப்புப் பண்றதுக்காவது நான் அங்க போயிருக்கணும்ல.”

அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். பயிற்சியாளர் செத்துப் போனார், அப்பாவும் போய்விட்டார், என்னை அறைய யாரும் மிச்சமில்லை. ஆனால் அட்டையில் இருக்கிற பெயர் என்னுடையது. விசைப்பலகையை இழுத்து அவள் முழுப் பெயரையும் தட்டினேன். ‘சற்று முன்னதாகவே இறங்கியதால்’ என்று எழுதினேன்.

“சற்றுன்னு போடாதே. ரெண்டாவது விநாடியிலன்னு போடு. கவனக்குறைவாலன்னும் சேத்துக்க. அப்பத்தான் உண்மை மாதிரி இருக்கும்.”

சேர்த்தேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன்.

அவள் அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தாள். தன் பெயர் வரும் இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு கைபேசியில் திரையைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பிவிட்டு, கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பதில் சீக்கிரமே வந்தது. அவளே படித்துக் காட்டினாள்.

“‘அப்ப உன்னாலதான் பெரியம்மாவோட பதக்கம் போச்சா? சே, நீயெல்லாம் எதுக்கும்மா போனே?’”

கடுகு புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“நம்பிட்டாக்கா” என்றாள்.